பட்டாசு போட்டும் யானை ஏன் திரும்பி வருகிறது? தருமபுரி மக்னாவை வைத்து கற்றல் உளவியல் ஓர் எளிய விளக்கம்

2023 பிப்ரவரி தொடக்கத்தில், தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பகுதியில் விளைநிலங்களுக்குள் வந்து போய்க்கொண்டிருந்த மக்னா யானை ஒன்றை வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடித்தது. லாரியில் ஏற்றி, ஏறக்குறைய 300 கி.மீ. தள்ளி, ஆனைமலை புலிகள் காப்பகத்தில் உள்ள வரகளியாறு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பாலக்கோட்டில் நிம்மதிப் பெருமூச்சு.

அது இரண்டு வாரம்தான் நீடித்தது. காட்டை விட்டு இறங்கிய மக்னா, பொள்ளாச்சி பகுதியைக் கடந்து, மதுக்கரை வழியாக கோவை மாநகரின் ஓரத்துக்கே வந்துவிட்டது. பிப்ரவரி 23 அன்று பேரூர் அருகே மறுபடியும் மயக்க ஊசி, மறுபடியும் லாரி. இந்த முறை ஆனைமலையிலேயே மானாம்பள்ளி வனச்சரகம். அங்கிருந்தும் இறங்கி வந்து பொள்ளாச்சி அருகே சரளப்பதி தோட்டங்களில் நின்றது. ஜூலை கடைசியில் மூன்றாவது முறையாகப் பிடித்து, வால்பாறை பக்கம் சின்னக்கல்லாறு காட்டில் விட்டார்கள்.

ஒரே ஆண்டில் ஒரே யானைக்கு மூன்று முறை மயக்க ஊசி. "யானைக்குப் பிடிவாதம்", "ருசி கண்ட பூனை" என்றெல்லாம் ஊரில் பேசிக்கொண்டார்கள். ருசி கண்ட பூனை என்பது கிட்டத்தட்ட சரியான விளக்கம்தான். உளவியலில் அதற்கு நூறு வருடத்துக்கு மேலான ஆராய்ச்சி இருக்கிறது. ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிப்பவர்கள் பாவ்லவின் நாய், தார்ன்டைக்கின் பூனை, ஸ்கின்னரின் எலி என்று மனப்பாடம் செய்வார்களே, அதே பாடம். தேர்வு முடிந்ததும் மறந்துபோகிற அந்தப் பாடம், பென்னாகரம், மாரண்டஹள்ளி, பஞ்சப்பள்ளி பக்கம் ராத்திரி பரணில் உட்கார்ந்திருக்கும் விவசாயிக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது.

மக்னா என்றால் என்ன?

தந்தம் இல்லாத ஆண் யானைக்கு மக்னா என்று பெயர். தனி இனம் கிடையாது. மற்ற ஆண் யானைகளைப் போலவே இதுவும் வயது வந்ததும் பிறந்த கூட்டத்தை விட்டுப் பிரிந்துவிடும். விளைநிலத்துக்கு அதிகம் வருவது இப்படிப்பட்ட ஆண் யானைகள்தான். தென்னிந்தியாவில் யானைகளை நெடுங்காலம் ஆராய்ந்த ராமன் சுகுமார், மாதவ் காட்கில் இருவரும் 1988-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. குட்டிகளோடு இருக்கும் பெண் யானைகள் ஆபத்தைத் தவிர்க்கும். ஆண் யானை ஆபத்தை எடுக்கும். நல்ல சாப்பாடு கிடைத்தால் உடம்பு ஏறும், உடம்பு ஏறினால் துணை கிடைக்கும் வாய்ப்பும் ஏறும் என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம்.

பட்டாசுச் சத்தம் ஏன் வேலை செய்யாமல் போகிறது?

முதல் நாள் பட்டாசு வெடித்தால் யானை ஓடும். பத்தாவது நாள் திரும்பிப் பார்க்கும். ஒரு மாதம் போனால் காதை ஆட்டிக்கொண்டு ராகியை மென்றுகொண்டே நிற்கும். காட்டோரக் கிராமத்தில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

இதன் பெயர் பழக்கப்படுதல். கற்றலிலேயே மிக எளிமையான வகை இதுதான். மூளையே இல்லாத உயிரினங்களிடம்கூட இது இருக்கிறது. ஒரு தூண்டல் திரும்பத் திரும்ப வருகிறது, அதன் பின்னால் நல்லதோ கெட்டதோ எதுவும் நடக்கவில்லை என்றால், உடம்பு அதைக் கண்டுகொள்வதை நிறுத்திவிடும். ரயில் தண்டவாளத்தை ஒட்டி வீடு இருப்பவர்களுக்கு நள்ளிரவு ரயில் காதில் விழாதது இதனால்தான். 'புலி வருது புலி வருது' கதையில் ஊர்க்காரர்களுக்கு நடந்ததும் இதுதான். இங்கே அந்த ஊர்க்காரர்கள் இடத்தில் யானை இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பழக்கப்படுதலுக்கு ஒரு பலவீனமும் உண்டு. தூண்டலை நிறுத்தி இடைவெளி விட்டால் பழைய பயம் ஓரளவு திரும்பி வரும். புதிதாக வேறொன்று குறுக்கிட்டாலும் வரும். அதனால்தான் தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்திலிருந்து, ஒரே மாதிரி பட்டாசு போடுவது மோசமான உத்தி. யானையைப் பழக்கப்படுத்துவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

நிஜமான ஆபத்தோடு தொடர்புள்ள சத்தமாக இருந்தால் கதை வேறு. விவேக் துப்பில், ரிச்சர்ட் காஸ் இருவரும் தென்னிந்தியாவில் விளைநிலத்துக்கு வரும் யானைகளுக்குப் புலி, சிறுத்தை உறுமல்களை ஒலிபரப்பிப் பார்த்தார்கள். சிறுத்தை உறுமலுக்கு யானைகள் பிளிறின, ஆர்ப்பாட்டம் செய்தன, அப்புறம்தான் விலகின. புலி உறுமலுக்குச் சத்தமே இல்லாமல் நழுவிவிட்டன. 2013-ல் வெளியான ஆய்வு இது. எது வெறும் சத்தம், எது உயிருக்கு ஆபத்து என்று யானை கணக்குப் போடுகிறது. பட்டாசு அந்தக் கணக்கில் தோற்றுப்போகிறது.

ராகி ஒரு 'சம்பளம்'

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். 1898-ல் அமெரிக்க உளவியலாளர் தார்ன்டைக், பசியோடு இருக்கும் பூனைகளை மரக்கூண்டுகளில் அடைத்தார். உள்ளே ஒரு கயிறோ கட்டையோ இருக்கும். அதைச் சரியாக இழுத்தால் கதவு திறக்கும், வெளியே சாப்பாடு. முதலில் பூனை கண்டபடி பிறாண்டும். தற்செயலாகக் கதவு திறக்கும். திரும்பத் திரும்ப அடைக்க அடைக்க, வெளியே வரும் நேரம் குறைந்துகொண்டே போனது. நல்ல விளைவைத் தரும் செயல் மீண்டும் செய்யப்படும், தராத செயல் மங்கிவிடும் என்பது அவர் சொன்ன விளைவு விதி.

ஸ்கின்னர் இதை எலிகளிடமும் புறாக்களிடமும் விரிவாகச் சோதித்து, செயல்படு ஆக்கநிலையிறுத்தம் என்று விளக்கினார். பெயர்தான் வாயில் நுழையாது. உள்ளே இருப்பது எளிது. ஒரு செயலுக்குப் பின்னால் வரும் பலன்தான் அந்தச் செயலை வளர்க்கிறது. அந்தப் பலனுக்கு வலுவூட்டல் என்று பெயர்.

வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தீவனம் வேண்டும். காட்டில் அதைத் தேடுவதற்கு நாளின் பெரும்பகுதி போய்விடும். பால் பிடித்து முற்றும் ராகிக் கதிரோ, கரும்போ, வாழையோ ஒரே இடத்தில் அடர்த்தியாக நின்றால்? சில மணி நேரத்தில் வயிறு நிறைந்துவிடும். சத்தும் அதிகம். யானையின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது திருட்டு இல்லை, வேலைக்குக் கிடைத்த சம்பளம். அதுவும் நல்ல சம்பளம்.

சரி, தினமும் சம்பளம் கிடைப்பதில்லையே? நாலு நாளில் மூன்று நாள் விரட்டிவிடுகிறார்களே? இங்கேதான் எல்லோரும் ஏமாந்துபோகிற இடம் இருக்கிறது. எப்போதும் பலன் கிடைக்கும் செயலைவிட, எப்போதாவது மட்டும் பலன் கிடைக்கும் செயல்தான் மறப்பதற்குக் கடினம். இதற்குப் பகுதி வலுவூட்டல் என்று பெயர். ஸ்கின்னரும் ஃபெர்ஸ்டரும் 1957-ல் இதைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே போட்டார்கள். லாட்டரிச் சீட்டு வாங்குபவர் இதில்தான் சிக்குகிறார். இந்தக் கட்டுரையைப் படிக்கும்போதே நடுவில் ஒருமுறை வாட்ஸ்அப்பைத் திறந்து பார்த்திருந்தால், நீங்களும் சிக்கியிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் மெசேஜ் இருப்பதில்லை. அதனாலேயே விரல் திரும்பத் திரும்பப் போகிறது.

ஆக, மூன்று நாள் காவல் இருந்துவிட்டு நாலாவது நாள் அசதியில் தூங்கிவிடும் விவசாயி, தன்னை அறியாமலேயே யானைக்கு விடாமுயற்சி கற்றுக்கொடுக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. பகலில் வயல் வேலை, இரவில் காவல் என்று எந்த மனுஷனாலும் ஒரு பருவம் முழுக்க ஓட்ட முடியாது. நாலு பேர் முறை வைத்து ஒரு ராத்திரியும் விடாமல் காவல் இருப்பது, ஒருவர் தினமும் அரைத் தூக்கத்தில் காவல் இருப்பதைவிட எத்தனையோ மேல் என்று உளவியல் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கிடைத்துக்கொண்டிருந்த பலன் திடீரென்று நின்றால், அந்தச் செயல் உடனே குறையாது. முதலில் கூடும். டிவி ரிமோட்டில் பேட்டரி தீர்ந்தால் என்ன செய்கிறோம்? பட்டனை இன்னும் அழுத்தி அழுத்திப் பார்க்கிறோம், ரிமோட்டைத் தட்டுகிறோம். அதே மாதிரி, புதிதாக வேலி போட்ட முதல் சில வாரங்களில் யானை முன்பைவிட மூர்க்கமாக முயன்று பார்க்கலாம். "வேலியெல்லாம் வேஸ்ட்" என்று அந்த நேரத்தில் கைவிட்டால், மூர்க்கமாக முட்டினால் பலன் உண்டு என்ற புதுப் பாடத்தை யானை கற்றுக்கொள்ளும்.

மின்வேலி: பாடம் சொல்லும் வேலியும் கொல்லும் வேலியும்

2023 மார்ச் 7. மக்னாவைப் பிடித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மாரண்டஹள்ளி அருகே காளிகவுண்டன்கொட்டாயில், விளைநிலத்தில் சட்டவிரோதமாகப் போடப்பட்டிருந்த மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. இறந்த யானைகளைச் சுற்றிச் சுற்றி வந்த அந்தக் குட்டிகளின் வீடியோவை அன்றைக்குப் பார்க்காதவர்கள் குறைவு.

உளவியல் பாடத்தில் தண்டனை என்ற சொல்லுக்குக் குறிப்பான அர்த்தம் உண்டு. ஒரு செயலுக்குப் பின் வரும் வேதனை, அந்தச் செயலைக் குறைத்தால்தான் அது தண்டனை. முறைப்படி அமைக்கப்படும் சூரிய மின்வேலி இந்த அடிப்படையில் வேலை செய்கிறது. பேட்டரியிலிருந்து மின்சாரம் தொடர்ச்சியாக வராது. நொடிக்கு ஒருமுறை, நொடியின் மிகச் சிறிய பகுதிக்கு மட்டும் ஓர் அதிர்வு. தொட்டால் சுரீர் என்று இழுக்கும், விலகிக்கொள்ள நேரம் கிடைக்கும். யானை உயிரோடு திரும்பிப் போகும், அடுத்த முறை கம்பியைப் பார்த்தாலே ஒதுங்கும். கம்பியைப் பார்த்ததுமே ஒதுங்குவதற்குப் பெயர் தவிர்ப்புக் கற்றல்.

வீட்டு லைனிலிருந்தோ மோட்டார் லைனிலிருந்தோ நேரடியாகக் கம்பியில் மின்சாரம் ஏற்றுவது இதற்கு நேர் எதிர். அதில் சிக்கிய உயிரால் விலக முடியாது. செத்துப்போன யானை எதையும் கற்றுக்கொள்ளாது. அடுத்த வாரம் வேறொரு யானை, எதுவும் தெரியாமல் அதே வழியில் வரும். பயிரைக் காப்பாற்றும் வழியாகக்கூட இது தோற்றுப்போன வழி. இதில் மனிதர்களும் செத்திருக்கிறார்கள் என்பது தனிக் கதை. காப்புக்காடுகளை ஒட்டிய பகுதிகளில் சூரிய மின்வேலி போட வனத்துறையிடம் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழக அரசு 2023-ல் விதிகள் கொண்டுவந்தது.

முறையான வேலியும் பராமரிப்பு இல்லாவிட்டால் பாடத்தை மாற்றிச் சொல்லும். புதர் மண்டிக் கம்பியில் உரசினால் மின்சாரம் இறங்கிவிடும். பேட்டரி தீர்ந்த ஒரே ஒரு ராத்திரி யானை கம்பியைத் தாண்டிவிட்டால், மறுபடியும் பகுதி வலுவூட்டல்தான். தந்தத்தில் மின்சாரம் பாயாது என்று கண்டுபிடித்துத் தந்தத்தாலேயே கம்பியை அறுக்கும் யானைகள் உண்டு. மரத்தைச் சாய்த்துக் கம்பியின் மேல் போட்டுவிட்டு நடந்துபோகும் யானைகளும் உண்டு. மாணவன் வாத்தியாரை மிஞ்சுகிற சமாச்சாரம்.

லாரியில் ஏற்றினால் மறந்துவிடுமா?

மறக்காது. கற்றல் என்பது தூண்டலும் துலங்கலும் மட்டும் இல்லை என்று அமெரிக்க உளவியலாளர் டோல்மன் வாதாடினார். பரிசு எதுவும் வைக்காமல் எலிகளை ஒரு புதிர்ப்பாதையில் சும்மா சுற்றவிட்டார்கள். பிறகு ஒருநாள் சாப்பாடு வைத்ததும், அவை சட்டென்று சரியான வழியில் போய்விட்டன. பரிசு இல்லாத நாட்களிலும் அவை பாதையைக் கற்றுக்கொண்டே இருந்திருக்கின்றன. இதை மனவரைபடம் என்று 1948-ல் அவர் எழுதினார். எலிக்கே இப்படி என்றால், நீர்நிலை, வலசைப் பாதை, எந்த மாதத்தில் எங்கே தீவனம் என்று பல பத்தாண்டுகள் நினைவில் வைக்கும் யானைக்கு எப்படி இருக்கும்?

இலங்கையில் பிருதிவிராஜ் பெர்னாண்டோ குழு, இடம் மாற்றப்பட்ட 12 ஆண் யானைகளுக்கு ஜிபிஎஸ் பட்டை மாட்டிக் கண்காணித்தது. தேசியப் பூங்காக்களில் விடப்பட்ட யானைகளில் பெரும்பாலானவை அங்கிருந்து வெளியேறின. சில பிடிபட்ட இடத்துக்கே திரும்பின, சில நெடுந்தூரம் அலைந்தன, சில வேறு புது இடத்தில் தங்கிவிட்டன. இடமாற்றத்தால் மனித–யானை மோதல் இன்னும் பல இடங்களுக்குப் பரவியது, யானைகளின் சாவும் கூடியது என்பது 2012-ல் வெளியான அந்த ஆய்வின் முடிவு. அதற்குப் பதினோரு வருடம் கழித்து தருமபுரி மக்னா நடந்த நடை, அந்த ஆய்வுக்கு எழுதிய பின்னிணைப்பு மாதிரி இருந்தது. சொந்தக் காட்டை நோக்கித்தான் நடந்ததா என்று மக்னாவிடம் கேட்க முடியாது. ஆனால் விட்ட இடத்தில் அது தங்கவில்லை. போன வழியெல்லாம் மனிதர்கள் விளைவித்ததைத்தான் தேடியது. காடு மாறியது, கற்ற பாடம் மாறவில்லை.

சின்னத்தம்பியின் இரண்டு பள்ளிக்கூடங்கள்

பாலக்கோட்டில் மக்னாவைப் பிடிக்க வந்த கும்கியின் பெயர் சின்னத்தம்பி. இந்தப் பெயர் ஞாபகம் இருக்கும். 2019 ஜனவரியில் கோவை தடாகம் பகுதியில் பிடிபட்டு, இதே வரகளியாறு காட்டில் விடப்பட்டு, சில நாட்களில் இறங்கி வந்து, உடுமலை பக்கம் கரும்புக் காட்டில் வாரக்கணக்கில் நின்ற அதே சின்னத்தம்பிதான். பிப்ரவரியில் அதை மறுபடி பிடித்து மரக்கூண்டில் வைத்துப் பழக்கினார்கள். நான்கு வருடத்தில், தன்னைப் போலவே வயலுக்கு வந்த இன்னொரு யானையைப் பிடிக்க வந்து நின்றது.

இதில் கவனிக்க வேண்டியது, பழக்கும் முறை. கும்கிப் பயிற்சியில் அதட்டல் உண்டு, அங்குசம் உண்டு. ஆனால் கரும்பும் வெல்லமும் இல்லாமல் வேலை நடக்காது. சொன்னதைச் செய்தால் உடனே கரும்பு. பாகனின் குரல், வாசம், கட்டளைச் சொல் எல்லாம் சாப்பாட்டோடு சேர்ந்து சேர்ந்து, கடைசியில் குரலே போதும் என்றாகிறது. இந்தச் சேர்க்கைதான் பாவ்லவின் பாடம். நாய்க்கு மணி அடித்தார் என்று பாடப்புத்தகம் சொல்லும். அவர் ஆய்வகத்தில் தாளக்கருவி, பஸ்ஸர் என்று பலதும் இருந்தன. மனிதருக்கு 1904-ல் நோபல் கிடைத்தது செரிமான ஆராய்ச்சிக்கு. உமிழ்நீரை அளக்கப் போன இடத்தில்தான் இந்தக் கற்றல் விதி கையில் சிக்கியது.

முகாம்களில் யானைக்கு ராகிக் களி உருண்டை கொடுப்பார்கள். வயலில் சின்னத்தம்பியைக் 'குற்றவாளி' ஆக்கியதும் சாப்பாடு, முகாமில் 'அதிகாரி' ஆக்கியதும் சாப்பாடு. எந்தச் செயலுக்குப் பின்னால் அது வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு யானை கற்றது இன்னொன்றுக்குப் போகுமா?

போகும் என்று நினைக்கக் காரணம் இருக்கிறது. நிஷாந்த் ஸ்ரீனிவாசையா, ராமன் சுகுமார், அனிந்தியா சின்ஹா உள்ளிட்டோர் தென்னிந்தியாவில் செய்த ஆய்வு 2019-ல் வெளியானது. விளைநிலம் அதிகம் உள்ள, ஆபத்தான பகுதிகளில் ஆண் யானைகள் தனியாகத் திரியாமல் கூட்டாகச் சேர்கின்றன, அதிலும் இளம் ஆண்கள் அதிகம் சேர்கின்றன என்று கண்டார்கள். பெரிய யானையின் பின்னால் போகும் இளசு, எந்த வேலி பலவீனம், எப்போது விளக்கு அணையும் என்பதை அடி வாங்காமலேயே கற்றுக்கொள்ள முடியும். அடுத்தவரைப் பார்த்துக் கற்பதை ஆல்பர்ட் பண்டூரா 1961-ல் பொம்மையை அடிக்கும் பெரியவர்களைக் காட்டிக் குழந்தைகளிடம் சோதித்தார். ஒரு 'பிரச்சனை யானை'யை அகற்றினால் பிரச்சனை போகாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். காலி இடத்துக்கு அடுத்த மாணவன் தயார்.

மனிதர்களுக்கு யார் பாடம் எடுக்கிறார்கள்?

இதே விதிகள் நமக்கும் பொருந்தும். பட்டாசு போட்டதும் யானை பத்து நிமிடம் விலகுகிறது. அந்தப் பத்து நிமிட நிம்மதி, பட்டாசு போடும் பழக்கத்தை வளர்க்கிறது. வேதனை நீங்குவதே பலனாக அமைவதை எதிர்மறை வலுவூட்டல் என்பார்கள். இது தண்டனை இல்லை. தேர்வில் பலர் குழப்பிக்கொண்டு மார்க் இழக்கும் இடம். நீண்ட காலத்தில் பட்டாசு பயன்படவில்லை என்று தெரிந்தாலும், கை பட்டாசைத்தான் தேடும்.

அதிகாரிகளுக்கும் இப்படித்தான். யானையை லாரியில் ஏற்றிய அன்றே சாலை மறியல் நிற்கிறது, மனுக்கள் நிற்கின்றன, டிவி கேமராக்கள் கிளம்பிவிடுகின்றன. அந்த உடனடி நிம்மதிதான் இடமாற்றத்தை மறுபடி மறுபடி செய்ய வைக்கிறது என்று சொன்னால் அது அநியாயமாக இருக்காது. விலை பின்னால், வேறு மாவட்டத்தில், வேறொருவர் தலையில் விழுகிறது.

வருடம் முழுக்க இழப்பைப் பார்த்த குடும்பம் ஒரு கட்டத்தில் காவலையே விட்டுவிட்டு, நிலத்தைத் தரிசு போட்டுவிட்டு, பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குக் கிளம்புகிறது. என்ன செய்தாலும் விளைவு மாறாது என்று அனுபவம் திரும்பத் திரும்பச் சொன்னால் முயற்சியே நின்றுவிடும். 1967-ல் செலிக்மனும் மையரும் நாய்களிடம் கண்ட இந்த நிலைக்குக் கற்றுக்கொண்ட கையறுநிலை என்று பெயர். அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்கள் ஒரு ராத்திரி பரணில் உட்கார்ந்து பார்க்கலாம்.

வால்பாறையில் மாற்றிப் போட்ட கணக்கு

யானைக்குப் பாடம் எடுப்பதை விட்டு, மனிதர்களின் நடவடிக்கையை மாற்றிப் பார்த்த இடம் வால்பாறை. தேயிலைத் தோட்டங்களுக்குள் யானைகள் நடமாடும் அந்த ஊரில், இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆனந்தகுமார் குழுவும் வனத்துறையும் சேர்ந்து முன்னெச்சரிக்கை முறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். யானை எங்கே நிற்கிறது என்று உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் வரி, செல்போனுக்கு மெசேஜ், முக்கிய இடங்களில் தூரத்திலிருந்தே தெரியும் சிவப்பு விளக்கு. பெரும்பாலான உயிரிழப்புகள் யானை நிற்பது தெரியாமல் இருட்டில் எதிரே போய் மாட்டியதால் நடந்தவை. தகவல் வந்ததும் உயிரிழப்பு குறைந்தது. விளக்கு எரிந்தால் யானை உண்மையிலேயே அங்கே இருந்தது. அதனால் மக்கள் அந்த விளக்குக்குப் பழகிப்போய் அலட்சியம் செய்யவில்லை. பொய் எச்சரிக்கை நாலு வந்திருந்தால் அதுவும் நம் பட்டாசு கதைதான்.

தருமபுரியின் நிலவரம் வால்பாறை இல்லை. இங்கே தேயிலை கிடையாது. யானை சாப்பிடும் ராகி, கரும்பு, வாழை, சோளம்தான் நிலம் முழுக்க. ஆனாலும் யானை வந்தால் கூட்டமாகப் போய்ச் செல்போன் லைட் அடிப்பது, கல் எறிவது, ஓடவிட்டு வீடியோ எடுப்பது இவற்றையாவது இன்றைக்கே நிறுத்த முடியும். விரட்டத் தெரிந்த வனத்துறை ஆட்கள் ஒரு திசையில் நகர்த்தும்போது, எதிர்ப் பக்கம் வேடிக்கைக் கூட்டம் நின்றால் யானைக்குக் காட்டுக்குப் போகும் வழி அடைபடும். சாப்பாடும் கிடைக்காமல், போக வழியும் இல்லாமல் நிற்கும் யானை கற்றுக்கொள்ளும் ஒரே பாடம், மனிதர்களைத் தாக்கினால் வழி திறக்கும் என்பதுதான்.